வாடைக் காலத்தில் திருகோணமலைக் கடற்கரையில் விடிகாலை நடை

திருகோணமலையில் அனேகமாக எந்தக் காற்றுக்கும் ஒரு மறைவான கரை உண்டு. கார்த்திகை, மார்கழியிலும் விடிகாலை நடையை விடாமல் வைத்திருக்க முடிவது அதனால்தான். உப்புவெளி, அலஸ்தோட்டம் பக்கம் வடகிழக்கைப் பார்த்துத் திறந்து கிடப்பதால் வாடையை நேரே வாங்கும். டச்சுக் குடாவுக்கு வடக்கே கோட்டை முனையும் சுவாமி மலையும் நிற்கின்றன. காற்று வடக்கிலிருந்து வரும் நாளில் அங்கே அலை சற்றுத் தணிந்திருக்கும், கிழக்குக்குத் திரும்பினால் அந்த மறைப்பு உதவாது. உட்துறைமுகத்தைச் சுற்றி நிலம். வெளிக்கடல் குமுறும் நாளிலும் அந்த வீதியோரத்தில் தண்ணீர் சிற்றலையோடு கிடக்கும். ஆகவே முதல் வேலை, காற்று எந்தப் பக்கம் என்று பார்த்துக் கரையைத் தெரிவு செய்வது.

முதல்நாள் இரவே வளிமண்டலவியல் திணைக்களம் கடற்பகுதிகளுக்கு விடும் அறிக்கையைப் பாருங்கள். காற்றின் திசையும் வேகமும் தெரிந்தால் போதும். மணிக்கு 40 கிலோமீற்றரைத் தாண்டினால் குடை நிற்காது, மணல் கண்ணில் அடிக்கும். 50ஐத் தாண்டினால் எதிர்த்து நடப்பதே சிரமம், அன்று கடற்கரை வேண்டாம். கரையை நோக்கித் தாழமுக்கம் வருகிறது என்றால் வீட்டிலேயே இருங்கள். 1964, 2000, 2020 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் டிசம்பர் மாதத்தில்தான் சூறாவளி இந்தக் கரையில் ஏறியது. சூறாவளியின் நடுப்பகுதி கடக்கும்போது காற்று சட்டென்று ஓய்ந்து, பிறகு எதிர்த்திசையிலிருந்து முழு வேகத்தில் அடிக்கும். அந்த ஓய்வை நம்பி வெளியே வருபவர்கள்தான் அகப்படுகிறார்கள்.

இருட்டில் மணலில் இறங்காதீர்கள். நவம்பரில் ஏறக்குறைய 6 மணிக்கும் ஜனவரியில் 6.20 அளவிலும் சூரியன் எழும். முகில் மூடிய நாளில் வெளிச்சம் இன்னும் பிந்தும். வந்ததும் வீதியோரத்தில் நின்று 15 நிமிடம் கடலைப் பாருங்கள். இந்தப் பதினைந்து நிமிடத்தை எக்காரணம் கொண்டும் குறைக்க வேண்டாம். அலைகள் கூட்டம் கூட்டமாக வருகின்றன. ஏழெட்டுச் சிறிய அலை பார்த்துவிட்டு இறங்கினால், அடுத்து வரும் பெரிய கூட்டம் இடுப்புவரை நனைத்துவிடும். ஆகக் கூடிய தூரம் ஏறிய அலை எங்கே நின்றது என்று குறித்துக்கொண்டு, அதற்கும் மேலே பத்துக் காலடி விட்டு நடவுங்கள். இங்கே வற்று, பெருக்கு வேறுபாடு ஒரு மீற்றர்கூட இல்லை. ஆகவே வற்றுநேரம் என்பதை நம்பி இறங்கக்கூடாது. தண்ணீரை மேலே தள்ளுவது காற்றும் அலையும்தான்.

மணலும் ஒரு அறிக்கைதான். அடம்பன் கொடியும் இராவணன் மீசையும் பச்சையாகப் படர்ந்திருக்கும் இடத்துக்குச் சாதாரண அலை வருவதில்லை. அந்தக் கொடியின் ஓரத்தில் மணல் நேராக வெட்டப்பட்டு, வெள்ளை வேர்கள் நூல் நூலாக அந்தரத்தில் தொங்கினால், கடல் அண்மையில் அதுவரை வந்து அறுத்திருக்கிறது என்று அர்த்தம். அந்த வெட்டின் விளிம்பில் மிதிக்க வேண்டாம், கீழே குடைந்திருக்கும், ஆளோடு இடிந்து விழும். அதன் அடியிலும் நடக்க வேண்டாம். அலை வந்தால் ஏறித் தப்ப வழியிருக்காது.

அலைகள் வெள்ளையாக உடையும் வரிசையில் ஓரிடம் மட்டும் உடையாமல் கறுத்து, நுரை வெளியே போய்க்கொண்டிருந்தால் அதுதான் இழுவை, ஆளைக் கடலுக்குள் இழுத்துப்போகும் நீரோட்டம். பார்க்க அமைதியாக இருப்பதால் கால் நனைக்க அந்த இடத்தையே தெரிவு செய்கிறார்கள். மீனவர் வாடிப் பக்கம் யாராவது நின்றால், "கடல் எப்படி, அண்ணே?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். வள்ளங்களை வழமையான இடத்தைவிட மேலே, வீதிப் பக்கமாக ஏற்றியிருந்தால் கேட்கவே தேவையில்லை.

நகரத்துக்கு வடக்கே நடப்பவர்கள் முகத்துவாரங்களில் கவனமாக இருக்க வேண்டும். சாம்பல்தீவு, இறக்கக்கண்டிப் பக்கங்களில் களப்பு கடலோடு சேரும் இடம் மாரியில் குணம் மாறிவிடும். போகும்போது கணுக்கால் தண்ணீர், திரும்பும்போது நெஞ்சளவு என்பது நடக்கக்கூடியது. மேலே பெய்த மழை களப்பை நிரப்பி மணல்மேட்டை உடைத்தால் அரைமணி நேரத்தில் எல்லாம் மாறும். முகத்துவாரத்தைக் கால்நடையாகக் கடக்காதீர்கள். பாலம் இருக்கிறது.

மின்னலுக்கும் இடிக்கும் இடையில் எண்ணுங்கள். மூன்று வினாடிக்கு ஒரு கிலோமீற்றர். முப்பதுக்குள் இடி கேட்டால் மணலை விட்டு ஒரு கட்டிடத்துக்குள் போய், கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் இருங்கள். தென்னையின் கீழ் ஒதுங்க வேண்டாம். மின்னல் இல்லாத நாளிலும் காற்று தேங்காயையும் மட்டையையும் இறக்கும். இடி இல்லாமல் கடல் மட்டும் கொந்தளிக்கிற நாளுக்கு நல்ல வழி, கோட்டைக்குள்ளால் கோணேசர் கோயிலுக்கு ஏறுவது. மரத்தடியில் மான்கள் நனைந்தபடி நிற்கும், மேலே வேலிக்குள் நின்று முழுக் கடலையும் பார்க்கலாம்.

உடையில் அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை: விரைவில் காயும் துணி, தொப்பியுள்ள மழைக்கோட், குதிக்காலில் பட்டி உள்ள செருப்பு. சாரம், ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் காலைக் கட்டும். புயலுக்குப் பிறகு மணலில் முருகைக்கல் துண்டு, போத்தல் ஓடு, நைலோன் வலை எல்லாம் ஒதுங்கும், வெறுங்கால் ஆகாது. நீலமான சிறு பலூன்போல் கிடக்கும் கொட்டும் கடல் உயிரியை, செத்ததுபோலத் தெரிந்தாலும், தொடாதீர்கள். அதன் நூல் பட்டால் மணலால் தேய்க்காமல், கடல் தண்ணீரால் கழுவி, இடுக்கியால் எடுத்துவிடுங்கள். மூச்சு முட்டினால் 1990 அம்புலன்ஸ் சேவையை அழையுங்கள்.

போகும்போது காற்று முகத்தில் அடிக்கிற திசையில் தொடங்குங்கள், களைத்துத் திரும்பும்போது அது முதுகைத் தள்ளிக்கொண்டு வரும். கைபேசியைப் பொலித்தீன் பையில் முடிந்து வையுங்கள். சைக்கிளிலோ மோட்டார் சைக்கிளிலோ வந்திருந்தால், வீட்டுக்குப் போனதும் நல்ல தண்ணீரால் கழுவி, சங்கிலிக்கு எண்ணெய் விடுங்கள். நனைந்த உப்பு ஒரே இரவில் துருவைத் தொடங்கிவிடும்.