கடைக்குக் கையெழுத்திட முன்: ரொறன்ரோவில் சிறுதொழில் தொடங்குவோருக்கு

ரொறன்ரோவில் கடை போட நினைப்பவர்கள் அநேகமாக முதலில் இடம் பார்க்கிறார்கள், பிறகு பெயர் வைக்கிறார்கள், லைசன்ஸ் பற்றிக் கடைசியில்தான் விசாரிக்கிறார்கள். இந்த ஒழுங்கைத் தலைகீழாக மாற்ற வேண்டும். கைக்காசு அதிகம் கரைவது அவசரத்தில் கையெழுத்திட்ட குத்தகையில்தான்.

எல்லாவற்றுக்கும் முன் உங்கள் வதிவிட நிலை. நிரந்தர வதிவுரிமை உள்ளவரும் திறந்த வேலை அனுமதி உள்ளவரும் சுயதொழில் செய்யலாம். ஒரே முதலாளியின் பெயருக்குக் கட்டுப்பட்ட வேலை அனுமதியில் இருப்பவர் பகுதிநேரமாகக்கூடத் தன் சொந்தக் கடையில் வேலை செய்ய முடியாது. 9 இல் தொடங்கும் சின் இலக்கம் (சமூகக் காப்புறுதி இலக்கம்) தற்காலிகமானது. வேலை அனுமதியைப் புதுப்பிக்கும்போது அதையும் மறக்காமல் புதுப்பியுங்கள்.

இடமும் குத்தகையும்

முகவரி கிடைத்ததும் மாநகரசபையிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள். அந்த மனையில் உங்கள் தொழிலுக்கு நிலப் பயன்பாட்டு வலயச் சட்டம் (சோனிங்) இடம் தருகிறதா? அந்தக் கடை கடைசியாக என்ன பயன்பாட்டுக்கு அங்கீகரிக்கப்பட்டது? உடுப்புக் கடையாக இருந்ததை உணவகமாக்கினால் அது பயன்பாட்டு மாற்றம். கட்டட அனுமதி வேண்டும். அடுப்புக்கு மேல் புகை உறிஞ்சியும் தீயணைப்பு அமைப்பும், கழிவுநீர்க் குழாயில் கொழுப்புத் தடுப்பும் வரும். வரைபடம் அனுமதிக்குக் காத்திருக்கும் மாதங்களிலும் வாடகை ஓடிக்கொண்டே இருக்கும். "முன்பும் இங்கே சாப்பாட்டுக் கடைதான்" என்று முகவர் சொல்வதை ஆவணத்தில் பார்க்காமல் நம்பாதீர்கள். நடக்கும் உணவகத்தை வாங்கினாலும் பழைய உரிமையாளரின் லைசன்ஸ் உங்களுக்கு மாறாது; உங்கள் பெயரில் புதிதாக எடுக்க வேண்டும்.

ஆகவே, அனுமதியும் லைசன்சும் கிடைத்தால் மட்டுமே குத்தகை செல்லும் என்ற நிபந்தனையை வழக்கறிஞர் மூலம் எழுதிக்கொள்ளுங்கள். அடிப்படை வாடகையோடு கட்டட வரி, பராமரிப்பு, காப்புறுதி ஆகியவற்றின் பங்கும், அதன் மேல் எச்.எஸ்.ரி. என்ற விற்பனை வரியும் சேரும். வணிகக் கட்டடங்களுக்கு ஒன்ராறியோவில் வாடகைக் கட்டுப்பாடு கிடையாது. வாடகை தவறினால் 16 ஆவது நாளில் உரிமையாளர் பூட்டை மாற்றலாம். வீட்டு வாடகைக்காரருக்கு இருக்கும் பாதுகாப்பை இங்கே எதிர்பார்க்க வேண்டாம்.

உணவுத் தொழில்

கடை திறக்க முன் பொதுச் சுகாதாரப் பிரிவுக்கு அறிவிக்க வேண்டும். கடை இயங்கும் நேரமெல்லாம் உணவு கையாளும் சான்றிதழ் பெற்ற ஒருவராவது அங்கே இருக்க வேண்டும். சான்றிதழ் 5 ஆண்டுகளுக்குச் செல்லும். குளிர் உணவு 4 பாகை செல்சியசுக்கு மேல் போகக் கூடாது, சூடான உணவு 60க்குக் கீழே இறங்கக் கூடாது. கண்ணாடி மேசைக்குள் வடையும் ரோலும் மாலை வரை வெதுவெதுப்பாகக் கிடந்தால் பரிசோதகரின் கண் நேராக அங்கேதான் போகும். பரிசோதனை முடிவில் பச்சை அட்டை என்றால் தேர்ச்சி, மஞ்சள் நிபந்தனையுடன் தேர்ச்சி, சிவப்பு மூடல். வாசலில் எல்லோருக்கும் தெரியத் தொங்கும்.

வீட்டிலிருந்து விற்பவர்களுக்கு: ஊறுகாய், ஜாம், பிஸ்கட் போன்ற, குளிரூட்டல் தேவைப்படாத உணவுகளுக்கு ஒன்ராறியோ 2020 முதல் சில விதிகளைத் தளர்த்தியிருக்கிறது. பிரியாணி, கறி வகைகள் அதில் அடங்கா. அவற்றுக்கு, பரிசோதிக்கப்பட்ட வணிகச் சமையலறையை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுப்பதே நடைமுறைக்கு ஏற்ற வழி.

பதிவும் வரியும்

உங்கள் சொந்தப் பெயர் அல்லாத பெயரில் தனியாகத் தொழில் செய்தால் ஒன்ராறியோ வணிகப் பதிவகத்தில் இணையவழிப் பதிவு 60 டொலர். 5 ஆண்டுகளுக்குப் பிறகு புதுப்பிக்க வேண்டும். இந்தப் பதிவு பெயருக்குத் தனியுரிமை தராது. கம்பனியாகப் பதிய மாகாணக் கட்டணம் 300 டொலர்.

ஆண்டு விற்பனை, அதாவது தொடர்ந்து வரும் நான்கு காலாண்டுகளின் மொத்தம், 30,000 டொலரைத் தாண்டினால் எச்.எஸ்.ரி. கணக்குத் திறப்பது கட்டாயம். இது இலாபம் அல்ல, விற்பனை; பலர் சறுக்குவது இங்கேதான். ஒரே காலாண்டில் தாண்டிவிட்டால், எல்லையைத் தாண்டவைத்த அந்த விற்பனையிலிருந்தே வரி அறவிட வேண்டும். நீங்கள் வாங்க மறந்த 13 வீதத்தை வருமானவரித் துறை உங்களிடமே கேட்கும். ஊபர், டாக்சி ஓட்டுவோருக்கு இந்த எல்லையே இல்லை, முதல் பயணத்திலிருந்தே பதிவு வேண்டும். உபகரணங்களுக்குப் பெரிய செலவு செய்பவர் தொடக்கத்திலேயே விரும்பிப் பதிவது நல்லது, கட்டிய வரியைத் திரும்பக் கோரலாம்.

சுயதொழிலாளர் வருமானவரிப் படிவம் ஜூன் 15 வரை கொடுக்கலாம். ஆனால் கட்ட வேண்டிய பணத்துக்கு ஏப்ரல் 30 தான் கடைசி நாள்; மறுநாளே வட்டி ஏறத் தொடங்கும். ஓய்வூதியப் பங்களிப்பில் முதலாளியின் பாதியையும் தொழிலாளியின் பாதியையும் நீங்களே கட்டுகிறீர்கள் என்பதால், வரவில் ஒரு பங்கைத் தனிக் கணக்கில் ஒதுக்கிவையுங்கள்.

உதவிக்கு ஒருவரை வேலைக்கு எடுத்தால், சொந்தக்காரர் என்றாலும், வருமானவரித் துறையில் சம்பளக் கணக்கு வேண்டும். பெரும்பாலான தொழில்களில் 10 நாட்களுக்குள் வேலைத்தலக் காப்புறுதி அமைப்பான டபிள்யூ.எஸ்.ஐ.பி.யிலும் பதிய வேண்டும்.

உதவி எங்கே

பிஸ்பால் என்ற அரச இணையச் சேவையில் தொழிலையும் ஊரையும் கொடுத்தால் மூன்று மட்ட அரசுகளிலும் தேவையான அனுமதிகள் பட்டியலாக வரும். ரொறன்ரோ மாநகரசபையிலும் மார்க்கம் நகரிலும் சிறுதொழில் ஆலோசகர்கள் இலவசமாகப் பேசுவார்கள். தொழில் திட்டத்தின் வரைவோடு போனால் ஒரு மணிநேரம் உருப்படியாகப் போகும். ஸ்டார்ட்டர் கம்பனி பிளஸ் திட்டத்தில் பயிற்சியோடு 5,000 டொலர் வரை மானியம் கிடைக்கலாம். பியூச்சர்பிரனர் என்ற அமைப்பு 18 முதல் 39 வயதினருக்குக் கடன் தருகிறது; குடியுரிமையோ நிரந்தர வதிவுரிமையோ வேண்டும். மானியம் எடுத்துத் தருகிறேன் என்று முன்பணம் கேட்பவரிடம் சின் இலக்கத்தைக் கொடுக்காதீர்கள். இந்தத் திட்டங்களுக்கு நீங்களே நேரடியாக விண்ணப்பிக்கலாம்.