பழைய கார் பெட்ரோல் டேங்குக்கு சீலர் போடும்போது செய்யக் கூடாதவை

அம்பாசிடரோ பத்மினியோ, ஓட்டாமல் ஷெட்டில் நிறுத்திவைத்தால் டேங்குக்குள் துரு பிடிக்கத்தான் செய்யும். அந்தத் துரு வந்து அடைக்கும் கார்புரேட்டரைக் கழுவிக் கழுவி அலுத்த பிறகே பலருக்கு டேங்கின் உள்பக்கம் பூசும் டேங்க் சீலர் ஞாபகம் வருகிறது. வாங்கி வந்து துருவின் மேலேயே ஊற்றிவிடுகிறார்கள். அந்தப் பூச்சு கொஞ்ச நாளில் துருவோடு உரிந்துவந்து பெட்ரோல் குழாயை அடைக்கும். அதற்கு சும்மா இருந்திருக்கலாம்.

துரு எடுக்க பாத்ரூம் ஆசிட் வேண்டாம். துருவோடு தகட்டையும் அரிக்கும். கழுவிய சில நிமிடங்களில் புதுத் துரு பூக்கும். பாஸ்பாரிக் ஆசிட் அல்லது சிட்ரிக் ஆசிட் கரைசல் போதும். பெட்ரோல் அளவு காட்டும் ஃப்ளோட்டைக் கழற்றிவிட்டு, உள்ளே ஒரு சங்கிலியைப் போட்டுக் குலுக்குங்கள். நட்டு போட்டால் ஒன்றிரண்டு தடுப்புத் தகட்டுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு வெளியே வராது. சங்கிலி என்றால் ஒரே இழுப்பில் வந்துவிடும்.

அப்புறம் ஈரம். மடிப்புகளில் தங்கும் தண்ணீர் கண்ணுக்குத் தெரியாது. வேலூர் வெயில் இதற்கு வரப்பிரசாதம். டேங்கைக் கவிழ்த்து வெயிலில் நன்றாகக் காயவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலையைத் தொடாதீர்கள்.

ஆனால் சீலர் ஊற்றும்போது அதே வெயில்தான் எதிரி. அக்னி நட்சத்திர மத்தியானத்தில் டேங்க் தகட்டில் கை வைக்க முடியாது. இரண்டு டப்பாவைக் கலந்து ஊற்றும் எபாக்ஸி வகை, அந்தச் சூட்டில் டேங்க் முழுக்கப் பரவுவதற்குள் இறுகிவிடும். விடியற்காலையில், நிழலில் வைத்து ஊற்றுங்கள். மெதுவாக எல்லாப் பக்கமும் புரட்டி, மிச்சத்தை முழுக்க வடித்துவிட வேண்டும். "இருக்கட்டும், கெட்டியாக இருக்கும்" என்று விட்டால் அடியில் தேங்கியது மேலே மட்டும் காய்ந்து உள்ளே பிசுபிசுக்கும்.

டேங்குக்குள் காற்று வரும் குழாயையும் பெட்ரோல் போகும் குழாயையும் சீலர் இறுகுவதற்குள் ஊதிப் பார்த்துவிடுங்கள். காற்றுக் குழாய் அடைத்தால் கொஞ்ச தூரம் ஓடி வண்டி நின்றுவிடும். பழி பெட்ரோல் பம்பின் மேல் விழும்.

இப்போது பங்க்குகளில் கிடைப்பது பெரும்பாலும் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய வகை சீலர்கள் சில அதில் இளகிவிடும். எத்தனால் தாங்கும் என்று டப்பாவில் இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

ஊசித்துளைகளைத்தான் சீலர் அடைக்கும். பெரிய ஓட்டைக்கு முதலில் தகடு வைத்துப் பற்றவைக்க வேண்டும்; பூசிய பிறகு பற்றவைத்தால் பூச்சு கருகிவிடும். "டேங்க் காலிதானே" என்று நெருப்பைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள். காலி டேங்கில் நிற்கும் பெட்ரோல் ஆவிதான் வெடிக்கும்.