கண் பாராமல் மேகசின் மாற்றப் பழகுதல்

கைத்துப்பாக்கியின் மேகசினை, அதாவது கைப்பிடிக்குள் செருகும் தோட்டாப் பெட்டியை, தொடு உணர்வை மட்டுமே நம்பி மாற்றப் பழக விரும்புவோர், முதலில் உண்மையான தோட்டாக்கள் அனைத்தையும் வேறோர் அறையில் வைத்துவிட்டு, துப்பாக்கியின் தோட்டா அறை (சுடும் தோட்டா அமரும் குழலின் பின்பகுதி) காலியாக இருப்பதைக் கண்ணாலும் விரலாலும் இருமுறை உறுதிசெய்துகொள்ள வேண்டும். இதில் ஒரு நாளும் விதிவிலக்கு கூடாது. வெடிமருந்து இல்லாத போலித் தோட்டாக்களே பயிற்சிக்குப் போதுமானவை.

இடுப்பு உறையிலிருந்து மேகசினை எடுக்கும்போது, சுட்டுவிரல் அதன் முன்பக்கத்தை ஒட்டி நீண்டு, விரல்நுனி மேல் தோட்டாவின் முனையைத் தொட வேண்டும். மேகசின் சரியான திசையில் இருக்கிறதா என்பதை இருட்டிலும் உணர்த்துவது இந்த ஒரு தொடுதல்தான் என்பதால், மற்ற அனைத்தையும்விட இதற்கே அதிக நேரம் ஒதுக்குங்கள். பின்னர், மேகசினின் தட்டையான பின்புறத்தைக் கைப்பிடியின் அடித்துளையின் பின்சுவரில் சாய்த்துப் பொருத்தி, நேராக்கி, உள்ளே செலுத்தி, உள்ளங்கையின் அடிப்பகுதியால் சொடுக்கும் ஒலி கேட்கும்வரை அழுத்த வேண்டும்.

துப்பாக்கி பிடித்த கையின் முழங்கையை ஒவ்வொரு முறையும் விலா எலும்பருகே ஒரே இடத்தில் நிறுத்தினால், மற்றக் கை தடுமாறாது. விரல் விசைக்கு வெளியேயும், குழல் பாதுகாப்பான திசையிலும் இருக்கட்டும். கண்களை மூடி மெதுவாகச் செய்யுங்கள். தவறினால் அதே நிலையில் நின்று, கண் திறந்து, எங்கே விலகியது என்று பாருங்கள். வேகம் பிறகு தானே வரும். காலி மேகசின்கள் விழும் இடத்தில் தடித்த விரிப்பு இருந்தால் அவற்றின் விளிம்புகள் நெளியாது.