மதுரைக்குச் சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு

டேப்லெட்டை நம்பிப் போகாதீர்கள். மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் 2018 முதல் செல்போனுக்குத் தடை. வாசலிலேயே ஒப்படைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். வரிசையில் நிற்கும் பிள்ளைகளை எப்படிச் சமாளிப்பது என்று அப்புறம் சொல்கிறேன். அதற்கு முன் பத்திர ஆபீஸ் கதையைச் சொல்ல வேண்டும்.

ஜூலையில் டாலஸிலிருந்து போயிருந்தோம். மகனுக்கு 7 வயது, மகளுக்கு 4. இறங்கிய மூன்றாம் நாளே அண்ணன், "ஒரு கையெழுத்துதான், அரை மணி நேர வேலை. பிள்ளைகளையும் கூட்டிட்டு வா, அப்படியே வெளியே சாப்பிட்டுட்டு வந்துரலாம்" என்றார். வைகைக் கரையில் இருக்கும் அம்மாவின் வீட்டில் என் பங்கை அவருக்கு விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம். கடைசி ஆறு வருடம் அம்மாவைப் பார்த்துக்கொண்டது அண்ணனும் மதினியும்தான். நான் வீடியோ காலில் முகம் காட்டியதோடு சரி. அதனால் தர எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் பெட்டியைக்கூட முழுதாகப் பிரிக்கவில்லை, அதற்குள் கேட்டது உறுத்தியது.

பத்தரை மணிக்கு டோக்கன். பதினோரு மணிக்கு சர்வர் நின்றுவிட்டது. இரண்டு பெஞ்சுக்கு ஐம்பது பேர். பன்னிரண்டுக்குள் டேப்லெட்டில் சார்ஜ் தீர்ந்தது, மகள் அழ ஆரம்பித்தாள். உள்ளேயிருந்து ஒருவர் எட்டிப் பார்த்து, "பிள்ளைய வெளியே தூக்கிட்டுப் போம்மா, இது ஆபீசு" என்றார். வெளியே போனால் டோக்கன் நம்பர் கூப்பிடுவது காதில் விழாது. அவரிடம் காட்ட முடியாத கோபத்தை மகனிடம் காட்டினேன். சும்மா காலை ஆட்டிக்கொண்டிருந்தவனின் கையைப் பிடித்து அழுத்திவிட்டேன். அவன் அழவில்லை. பேசாமல் உட்கார்ந்துகொண்டான். அந்த மௌனம் இன்னும் என்னை விடவில்லை.

பக்கத்தில் மஞ்சப்பையோடு காத்திருந்த ஒரு வயசான அம்மா எழுந்து போய், வேப்பமரத்தடியில் ஐந்து கல் பொறுக்கி வந்தார். தரையில் உட்கார்ந்து தட்டாங்கல் ஆடிக் காட்டினார். ஒரு கல்லை மேலே வீசி, அது விழுவதற்குள் கீழே கிடப்பதில் ஒன்றை எடுத்து, வீசியதையும் பிடிக்க வேண்டும். அப்புறம் இரண்டிரண்டாக. மகனுக்கு ஒன்றுகூடப் பிடிபடவில்லை, ஆனால் விடாமல் முயன்றான். மகளுக்குக் கல்லை அடுக்குவதே போதுமாக இருந்தது. இரண்டு மணி நேரம் சத்தமே இல்லை. எனக்குத் தெரிந்த விளையாட்டுதான், நான்தான் சொல்லித் தரவில்லை. "எந்த ஊரு தாயி?" என்று அவர் கேட்டதற்கு மகள் "டாலஸ்" என்றாள். நான் "இதே ஊர்தான்மா" என்றேன். சர்வர் வந்து, என் கைரேகை எடுத்து முடித்தபோது மணி நாலு.

ஆகவே, சொந்தக்காரர்கள் எவ்வளவு வற்புறுத்தினாலும் பிள்ளைகளைப் பத்திர ஆபீசுக்கு அழைத்துப் போகாதீர்கள். கையெழுத்துப் போடுகிறவர்களும் இரண்டு சாட்சிகளும் போதும். முடிந்தால், இருக்கும் நாட்டிலேயே இந்தியத் தூதரகத்தில் அத்தாட்சி வாங்கி, நம்பிக்கையான ஆளுக்கு பவர், அதாவது நமக்குப் பதிலாகக் கையெழுத்துப் போடும் அதிகாரப் பத்திரம், அனுப்பிவிடலாம். அது இந்தியாவுக்கு வந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். உங்களை விலக்கிவிட்டார்கள் என்ற வருத்தம் வரலாம். எனக்கு அதுவும் வந்திருக்கும்.

சரி, கோயில். வரிசையில் நிற்கும்போது யாளிகளை எண்ணச் சொல்லுங்கள். முக்குறுணி விநாயகரை யார் முதலில் கண்டுபிடிப்பது என்று போட்டி வையுங்கள். பொற்றாமரைக் குளத்துப் படியில் உட்கார்ந்து, ஒரு நாரை வரம் கேட்டதால் இந்தக் குளத்தில் மீனே கிடையாது என்ற திருவிளையாடல் கதையைச் சொன்னால், மீன் தேடியே நேரம் போய்விடும். பகல் 12.30க்கு நடை சாத்தினால் மாலை 4 மணிக்குத்தான் திறப்பார்கள். வெயிலில் அலைய வேண்டாம். புது நத்தம் சாலையில் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் சிறுவர்களுக்குத் தனிப் பகுதி இருக்கிறது.

அம்மா எனக்குச் செப்புச் சாமான் வாங்கித் தந்தது கோயிலுக்கு எதிரே இருக்கும் புது மண்டபத்தில். அந்தக் கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள், அங்கே போய்ப் பாருங்கள். ஒரு பல்லாங்குழி கிடைத்தால் விடாதீர்கள். பக்கத்துக்கு ஏழாகப் பதினாலு குழி, கொஞ்சம் புளியங்கொட்டை. ரயிலில், ஆஸ்பத்திரியில், கல்யாண மண்டபத்தில் என எங்கேயும் விரித்து வைத்து ஆடலாம்.

பிறந்த வீடு இன்னும் இருந்தால், எந்தக் கையெழுத்துக்கும் முந்தின நாளே பிள்ளைகளை அங்கே கூட்டிப்போய்த் திண்ணையில் விளையாட விடுங்கள். நாங்கள் மறுநாள் போனோம். வெள்ளையடிக்க ஆள் விட்டிருந்தார்கள். திண்ணை முழுக்கச் சுண்ணாம்பு, உட்கார இடமில்லை.