குடித்துவிட்டு வண்டி ஓட்டிப் பிடிபட்டால்: கொங்கு நாட்டு ஓட்டுநர்கள் அறிய வேண்டியவை

நாமக்கல்லில் லாரி, திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி, திருப்பூரில் பனியன் லோடு ஏற்றும் டெம்போ என்று, ஓட்டுநர் உரிமத்தை நம்பியே குடும்பம் நடத்துவோர் நம் பகுதியில் ஏராளம். அவர்களில் பலர், குடித்துவிட்டு ஓட்டிப் பிடிபட்டால் பத்தாயிரம் ரூபாய் கட்டினால் தீர்ந்தது என்றே இன்னும் நம்புகிறார்கள். உண்மையில் அந்தப் பத்தாயிரம்தான் இருப்பதிலேயே சிறிய இழப்பு.

மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 185-ஆம் பிரிவுப்படி, 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருக்கும் நிலையில் வண்டியை ஓட்டுவது மட்டுமல்ல, ஓட்ட முயல்வதும் குற்றம். முதல் முறை என்றால் 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். அடுத்த முறை 2 ஆண்டு வரை சிறை, அல்லது 15,000 ரூபாய், அல்லது இரண்டும். மொபெட்டுக்கும் பதினாறு சக்கர லாரிக்கும் அளவு ஒன்றுதான். குடித்தவர் என்று தெரிந்தே சாவியைக் கொடுத்து ஓட்டச் சொல்பவரும் 188-ஆம் பிரிவின் கீழ் அதே தண்டனைக்கு உள்ளாகலாம்.

கிடா விருந்தில் நள்ளிரவு வரை குடித்துவிட்டு விடியற்காலை நான்கு மணிக்கு வண்டி எடுப்பவர்கள், தூங்கி எழுந்ததால் போதை போய்விட்டது என்று எண்ணுவது பெரும் தவறு. கல்லீரல் தன் வேகத்தில்தான் மதுவைக் கரைக்கும். மோரோ, எலுமிச்சையோ, குளிர்ந்த நீர்க் குளியலோ அதை விரைவுபடுத்தாது. மறுநாள் லோடு இருக்கிறது என்றால் முதல் நாள் இரவே குடிக்காமல் இருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

சோதனையில் நிறுத்தப்பட்டால் வாக்குவாதம் செய்யாதீர்கள். மூச்சில் உள்ள மதுவை அளக்கும் கருவியில், உறை பிரிக்காத புதிய ஊதுகுழலைப் பொருத்தும்படி பணிவாகக் கேளுங்கள். இடையில் நிறுத்தாமல் ஊதிய பின், திரையில் தெரியும் எண்ணையும், அச்சாகி வரும் சீட்டில் உள்ள தேதி, நேரம், வண்டி எண்ணையும் சரிபாருங்கள். ஊத மறுப்பது உங்களைக் காப்பாற்றாது. மறுத்தவரைப் பிடியாணையின்றிக் கைது செய்யலாம், தக்க காரணமில்லாத மறுப்பை நீதிமன்றம் உங்களுக்கு எதிராகவே எடுத்துக்கொள்ளலாம். கைதானால் இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனை நடந்தாக வேண்டும், இல்லையேல் உங்களைக் காவலிலிருந்து விடுவிக்க வேண்டும். அது உங்கள் உரிமை.

சாலையிலேயே பணம் கட்டி முடித்துக்கொள்ளும் குற்றங்களின் பட்டியலில் 185-ஆம் பிரிவு இல்லை. வழக்கு நீதிமன்றத்துக்குத்தான் போகும். ஆகவே சம்மன் வந்தால் குறித்த தேதியில் தவறாமல் ஆஜராகுங்கள். விபத்தில் உயிர் போயிருந்தால் கதையே வேறு: பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவில் 5 ஆண்டு வரை சிறை உண்டு, சூழ்நிலையைப் பொறுத்து அதைவிடக் கடுமையான பிரிவும் பாயலாம். சொந்த வண்டியின் சேதத்துக்குக் காப்பீட்டு நிறுவனம் பணம் தர மறுப்பதற்கும் போதையே காரணமாகிவிடும்.

ஆனால் வயிற்றில் அடிப்பது உரிமம்தான். பிடிபட்ட இடத்திலேயே காவலர் அதைக் கைப்பற்றி, தகுதி நீக்க நடவடிக்கைக்காக வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு அனுப்பலாம். அப்போது தரப்படும் ஒப்புகைச் சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதை வைத்துக்கொண்டு வண்டி ஓட்ட முடியாது, உரிமம் கைக்குத் திரும்பும் வரை ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது. எங்கள் உறவினர் ஒருவர் அந்தச் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, லாரிப் பட்டறை வாசலில் தினமும் காலையில் வந்து நிற்பார். அவர் ஓட்டிய வண்டியை வேறொருவர் எடுத்துச் செல்வதைப் பார்த்துவிட்டு, கூலி வேலைக்குப் போவார்.