ஹார் நோஃபில் குடியேறுவோர் செய்யும் தவறுகள்

ஜெருசலேமின் மேற்கு ஓரத்தில் மலைச்சரிவில் இருக்கிறது ஹார் நோஃப். அங்கிருந்து பெத் ஷெமேஷ் பக்கம் இறங்கினால் ரமாத் பெத் ஷெமேஷ். இரண்டிலும் அமெரிக்காவிலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் வந்த பக்தியுள்ள யூதக் குடும்பங்கள் ஏராளம். தெருவிலும் ஜெப ஆலயத்திலும் ஆங்கிலம் காதில் விழுவதால், ஊரில் இருந்தபடியே இங்கும் இருந்துவிடலாம் என்று புதிதாக வந்தவர் நம்பிவிடுகிறார். ஆனால் இஸ்ரேல் மண்ணுக்கென்றே தனிச் சட்டங்கள் உண்டு.

அதிகம் சறுக்குவது காய்கறியில்தான். நியூயார்க்கில் வாங்கிய தக்காளியை அப்படியே நறுக்கலாம். இங்கே விளைந்ததைத் தசமபாகம் என்ற சமயப் பங்கைப் பிரிக்காமல் உண்ணக் கூடாது. கோஷர், அதாவது யூத உணவு நெறிக்கு ஏற்றது என்ற சான்று உள்ள கடையில் பிரித்தே விற்பார்கள். சான்றில்லாத கடையிலும், பக்கத்து வீட்டார் அன்போடு பறித்துத் தரும் எலுமிச்சையிலும் நாம்தான் பிரிக்க வேண்டும். நூற்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதலாக வெட்டி ஒதுக்கி, உரிய வாசகத்தைச் சொல்லி, ஒதுக்கியதை இரண்டு பைகளில் சுற்றிப் போட வேண்டும். வெள்ளரி, தக்காளி எல்லாவற்றுக்குமாக ஒரே துண்டு வெட்டினால் செல்லாது. வகைக்கு வகை தனி. வெள்ளி மாலை தொடங்கிச் சனி இரவு முடியும் ஓய்வு நாளான சபாத்தில் பிரிக்கவும் கூடாது, ஆகவே வெள்ளிக்கிழமையே முடித்துவிடுங்கள். மரத்தின் வயதையும் கேளுங்கள்: நட்ட முதல் மூன்று ஆண்டுக் கனி விலக்கு.

நிலத்துக்கு ஓய்வு கொடுக்கும் ஏழாம் ஆண்டில் கணக்கே மாறும். கடைசியாக வந்தது 2021–22, அடுத்தது 2028–29. அந்த ஆண்டின் புனித விளைச்சலில் மிஞ்சும் உண்ணத்தக்க தோலைக்கூடச் சாதாரணக் குப்பையில் எறியாமல், தனித் தொட்டியில் அழுகும்வரை வைப்பார்கள்.

அடுத்தது மின்சாரம். சபாத்தில் விளக்கைத் தொடக் கூடாது என்பதால் டைமர் வைப்பது வழக்கம். அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த, முள் சுழலும் டைமரை டிரான்ஸ்பார்மரில் மாட்டினால் வோல்டேஜ் சரியாகிவிடும். ஆனால் அதன் மோட்டார் 60 ஹெர்ட்ஸுக்குச் செய்தது, இங்கே 50. மணிக்குப் பத்து நிமிடம் பின்தங்கும். மாலை 5-க்குத் தொடங்கி இரவு 11-க்கு அணைய வேண்டிய விளக்கு 12 மணி 12 நிமிடத்துக்குத்தான் அணையும். மறுநாள் மாலைக்குள் நான்கு மணி நேரம் பிந்திவிடும். இடையில் திருத்தவும் வழியில்லை. டைமர், உணவைச் சூடாக வைக்கும் பிளாட்டா, வெந்நீர்ப் பாத்திரம் மூன்றையும் இங்கேயே வாங்குங்கள்.

சபாத் விளக்கை வெளிநாட்டில் பெரும்பாலும் சூரியன் மறைய 18 நிமிடம் இருக்கும்போது ஏற்றுவார்கள். ஜெருசலேம் வழக்கம் 40 நிமிடம். பழைய கணக்கை நம்பிச் சமைத்துக்கொண்டிருந்தால் பக்கத்து வீடெல்லாம் விளக்கேற்றிய பிறகும் உங்கள் அடுப்பு எரிந்துகொண்டிருக்கும்.

பண்டிகையிலும் கவனம் வேண்டும். வெளிநாட்டில் இரண்டு நாள் கொண்டாடும், வசந்தகாலப் பண்டிகையான பாஸ்காவின் முதல் நாள் இங்கே ஒரே நாள்தான். பார்க்க வரும் பெற்றோர் பெரும்பாலும் இரண்டு நாளும் கடைப்பிடிப்பார்கள். ரப்பிகள் எனும் மதகுருக்களிடையே இதில் கருத்து வேறுபாடு உண்டு என்பதால், அவர்கள் விமானம் ஏறுமுன்பே தங்கள் ரப்பியிடம் கேட்டுவிடுவது நல்லது. பூரிம் பண்டிகை பெத் ஷெமேஷில் யூத மாதமான ஆதாரின் 14-ஆம் நாள், ஜெருசலேமில் 15-ஆம் நாள்.

பாஸ்காவுக்குச் சாமான் வாங்கும்போது ‘பாஸ்காவுக்கு கோஷர்’ என்ற பெரிய எழுத்தோடு நின்றுவிடாதீர்கள். கீழே எபிரேயத்தில் பொடி எழுத்தில் ‘கித்னியோத் உண்போருக்கு மட்டும்’ என்றிருந்தால் அதில் அரிசியோ பருப்போ அதுபோன்ற வேறொன்றோ சேர்ந்திருக்கிறது. ஸ்பெயின் வழி மரபான செபார்டிக் குடும்பங்களில் பலர் உண்பார்கள்; மத்திய, கிழக்கு ஐரோப்பிய மரபான அஷ்கெனாசி வழக்கத்தில் அது விலக்கு. ஆங்கிலம் பேசி வருவோரில் பெரும்பாலோர் அஷ்கெனாசிகள். அந்த ஒரு வரியையாவது எபிரேயத்தில் வாசிக்கப் பழகிக்கொண்டு கடைக்குப் போங்கள்.