பழைய காரை வீட்டில் புதுப்பிக்கும்போது தகரத்தில் செய்யக்கூடாத தவறுகள்

பத்மினியோ அம்பாசடரோ ஹெரால்டோ, வீட்டு வாசலிலேயே நிறுத்திப் புதுப்பிக்கலாம் என்று சென்னையில் கிளம்புகிறவர்கள் முதலில் கவலைப்படுவது இன்ஜினைப் பற்றித்தான். இன்ஜின் சாமான்கள் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலும் புதுப்பேட்டையிலும் அலைந்தால் பெரும்பாலும் கிடைத்துவிடும். அதில் செய்த தவறும் ஓட்டும்போதே சத்தம் போட்டுக் காட்டிக்கொடுத்துவிடும். பாடியில் செய்த தவறு அப்படி உடனே தெரியாது. பெயின்டுக்கு அடியில் ஒளிந்திருந்து, ஒரு மழைக்காலம் போனபிறகு கொப்புளமாக வெளியே வரும். ஆகவே இங்கே தகர வேலையையும் வெல்டிங்கையும் பற்றி மட்டும் சொல்கிறேன்.

பெயின்டு பளபளப்பைப் பார்த்து வண்டியை எடைபோடுவதில்தான் தவறு ஆரம்பிக்கிறது. ஒரு சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி, மட்கார்டு ஓரம், கதவின் கீழ்ப்பகுதி, டிக்கித் தரை என்று வைத்துக்கொண்டே போங்கள். நல்ல தகரத்தில் கவ்விப் பிடிக்கும். பள்ளத்தை நிரப்பப் பூசும் பட்டி கனமாக இருக்கும் இடத்தில் நழுவி விழும். அப்புறம் மிதியடியைத் தூக்கி, ஃப்ளோரை ஸ்க்ரூ டிரைவர் பிடியால் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் சரி, மொத்தென்று கேட்டால் அங்கே தகரம் பொருக்காகிவிட்டது. 2015 டிசம்பர் வெள்ளத்திலோ 2023 மிக்ஜாம் புயல் மழையிலோ தண்ணீரில் நின்ற வண்டி என்றால் இன்னும் கவனம் வேண்டும். அப்போது உள்ளே போன சேறு கதவுக்குள்ளும் பெட்டிப் பகுதிகளுக்குள்ளும் இன்றுவரை உட்கார்ந்திருக்கலாம். ஈரத்தைப் பிடித்துவைத்து உள்ளிருந்தே அரிக்கும்.

அடுத்தது, நம் வண்டி எப்படிக் கட்டப்பட்டது என்று தெரியாமலே கிரைண்டரைக் கையில் எடுப்பது. 1961 முதல் இங்கே வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி தயாரித்த ஹெரால்டுக்குச் சேசிஸ் எனப்படும் தனி இரும்புச் சட்டம் உண்டு. பாடி அதன் மேல் போல்ட் போட்டு உட்கார்ந்திருக்கும். பத்மினியும் அம்பாசடரும் வேறு வகை. அவற்றில் தனி சேசிஸ் கிடையாது, பாடியேதான் எலும்பு. கதவுக்கு அடியில் முன்சக்கரம் முதல் பின்சக்கரம் வரை ஓடும் பெட்டிப் பகுதியை சில் என்பார்கள். ஹெரால்டில் அதைக் கழற்றினாலும் வண்டி அசையாது. பத்மினியில் அதை அறுத்தால் வண்டியின் முதுகெலும்பில் ஒரு பகுதியையே எடுத்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

இந்த இடத்தில்தான் நல்ல வண்டிகள் நிறைய வீணாகின்றன. வண்டியை நடுவில் இரண்டு ஜாக்கி வைத்துத் தூக்கி, இரண்டு பக்க சில்லையும் ஒரே நாளில் அறுத்துவிடுவார்கள். முன்பாரமும் பின்பாரமும் கீழே இழுக்க, பாடி சில மில்லிமீட்டர் வளையும். அந்த வளைவோடே புதுத் தகரத்தை வைத்து வெல்டிங் செய்தால் அது நிரந்தரம். பிறகு கதவு மூடாது. பூட்டையும் கீலையும் எவ்வளவு திருகினாலும் சரிவராது. சரியான வழி கொஞ்சம் பொறுமை கேட்கும். சஸ்பென்ஷன் பாரம் தாங்கும் இடங்களில் ஸ்டாண்டு கொடுத்து, சக்கரத்தில் நிற்கும்போது இருக்கும் நிலையிலேயே வண்டியை மட்டமாக நிறுத்துங்கள். கதவு இடைவெளியை மேலே, நடுவில், கீழே என அளந்து, மாஸ்கிங் டேப் ஒட்டி அதன் மேலேயே எழுதிவையுங்கள். கதவைக் கழற்றியபின், அந்த வாயின் குறுக்கே ஒரு அங்குலச் சதுரக் குழாயை இரண்டு இடத்தில் வைத்துத் தற்காலிகமாகப் பற்றவையுங்கள். ஒரு பக்கத்தை அறுத்து முழுதாக முடித்தபின் மறுபக்கம் போங்கள். புதுத் தகரத்துக்கு டேக் மட்டும், அதாவது அங்கங்கே சின்ன வெல்டிங் புள்ளி மட்டும், வைத்துவிட்டுக் கதவை ஒருமுறை மாட்டிப் பாருங்கள். டேக்கை அறுத்துத் திருத்துவது அரை மணி நேர வேலை. முழு வெல்டிங்கைப் பிரிப்பது வேறு கதை.

சரி, வெல்டிங்குக்கு வருவோம். தெருமுனையில் கேட், கிரில் செய்கிறவரைக் கூப்பிட்டு ஃப்ளோரை ஒட்டச் சொல்கிறவர்கள் பலர். அவர் தொழிலில் அவர் கெட்டிக்காரர்தான். ஆனால் பாடித் தகரம் ஒரு மில்லிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும். ஆர்க் ராடு வைத்த மாத்திரத்தில் ஓட்டை விழும். ஓட்டையை அடைக்கப்போனால் அது பெரிதாகும். வீட்டில் செய்கிறவருக்கு ஏற்றது 0.6 அல்லது 0.8 மில்லிமீட்டர் கம்பி போட்ட மிக் மெஷின். நம் ஊர் பட்டறையில் சி.ஓ.2 வெல்டிங் என்று சொல்வது இதைத்தான். ஆர்கான் கலந்த கேஸ் கிடைத்தால் பொறி குறையும். புதுப்பேட்டையின் பழைய டிங்கர்கள் கேஸ் வெல்டிங்கில் செய்யும் வேலை தனி அழகு. அந்த ஒட்டு மிருதுவாக இருப்பதால் சுத்தியலால் தட்டிச் சமப்படுத்த முடியும். ஆனால் அதில் சூடு அகலமாகப் பரவும். அதை அடக்கும் கை பல வருடப் பழக்கத்தில்தான் வரும்.

மிக் மெஷின் கையில் இருந்தாலும் கோடு இழுப்பதுபோல நீளமாக ஒட்டுவது தவறு. ஒரு புள்ளி வையுங்கள். அடுத்த புள்ளி அதன் பக்கத்தில் வேண்டாம், நாலு விரல் தள்ளி வையுங்கள். மூன்றாவது மறு ஓரத்தில். முதல் புள்ளி கை வைக்கும் அளவுக்கு ஆறியபின்தான் அதன் அருகே திரும்ப வர வேண்டும். ஈரத்துணி போட்டு ஆற்றாதீர்கள், தகரம் சுருங்கி அலை அலையாக நெளியும். ஒவ்வொரு புள்ளிக்கும் பின்பக்கம் ஒரு சின்ன முண்டு தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் மேலே உட்கார்ந்திருக்கிறதே தவிர ஒட்டவில்லை. இதைப் பழகப் புதுப்பேட்டையில் ஒரு உடைந்த கதவை வாங்கி வெட்டிக்கொள்ளுங்கள், வண்டியில் பழகாதீர்கள்.

இன்னொன்று நம் ஊருக்கே உரியது. மே மாத வெயிலில் வெல்டிங் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு வேலை செய்யும்போது பக்கத்தில் பெடஸ்டல் ஃபேன் ஓடாமல் முடியாது. அந்தக் காற்று வெல்டிங் முனையைக் காக்கும் கேஸை அடித்துக்கொண்டு போய்விடும். ஒட்டில் பஞ்சு மாதிரி துளைகள் விழும். மெஷின் சரியில்லை, கம்பி மட்டம் என்று பழி சொல்லும் முன் ஃபேனைத் திருப்பிவைத்துப் பாருங்கள். மொட்டைமாடிக் கடற்காற்றும் இதே வேலையைச் செய்யும். விடிகாலையில் காற்று அடங்கியிருக்கும்போது செய்வது எளிது.

பாதுகாப்பில் சமரசம் வேண்டாம். பெட்ரோல் டேங்கைக் கழற்றி வண்டியைவிட்டுத் தூரமாக வையுங்கள். காலி டேங்கை ஆபத்தில்லாதது என்று நினைப்பது உயிரைக் குடிக்கும் தவறு. உள்ளே நிற்கும் ஆவிதான் வெடிக்கும். டேங்கில் ஓட்டை என்றால் வீட்டில் ஒருபோதும் வெல்டிங் வைக்காதீர்கள். பேட்டரியின் இரண்டு கம்பியையும் கழற்றுங்கள். எர்த் கிளாம்ப்பை ஒட்டுமிடத்துக்குப் பக்கத்தில், சுரண்டிய தகரத்தில் மாட்டுங்கள். சீட், கார்பெட், வண்டிக்கு அடியில் பூசிய தார் எல்லாம் தீப்பிடிக்கும். வேலை முடிந்தபின்னும் அரை மணி நேரமாவது வண்டியைவிட்டு நகராதீர்கள். கண்ணாடிகளைக் கனமான போர்வையால் மூடுங்கள், கிரைண்டர் பொறி கண்ணாடியில் புதைந்துவிட்டால் எடுக்க வழியில்லை. லுங்கியும் ரப்பர் செருப்பும் இதற்கு ஆகாது. முழுக்கைப் பருத்திச் சட்டை, தோல் ஷூ வேண்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வேடிக்கை பார்க்க வருவார்கள், அவர்களைக் கட்டாயம் விரட்டுங்கள். வெளிச்சத்தை நேராகப் பார்த்த கண் அப்போது ஒன்றும் செய்யாது, ராத்திரி தூங்கவிடாமல் உறுத்தும்.

துரு பிடிக்காதே என்று துத்தநாகம் பூசிய ஜி.ஐ. ஷீட்டை வாங்கிவந்து ஒட்டுவதும் நடக்கிறது. துத்தநாகப் பூச்சு எரிந்து வரும் வெள்ளைப் புகையை மூச்சில் இழுத்தால் சில மணி நேரத்தில் குளிர்காய்ச்சல் வரும். பால் குடித்தால் போதும் என்பதை நம்பாதீர்கள். பாடிக்கு சி.ஆர். ஷீட் என்னும் பூச்சில்லாத இரும்புத் தகடுதான் சரி. அதையும் துருவின் மேலேயே பேட்ச்சாக ஒட்டினால் இரண்டு தகட்டுக்கும் நடுவே ஈரம் நின்று முன்னைவிட வேகமாக அரிக்கும். கெட்டதை நல்ல தகரம் வரும்வரை வெட்டி எடுங்கள். வெட்டிய துண்டு நினைத்ததைவிடப் பெரிதாகத்தான் இருக்கும். மனசு கேட்காமல் அங்கே கொஞ்சம் விட்டுவைக்கத் தோன்றும், விட்டுவைக்காதீர்கள்.

முழு வண்டியையும் ஒரே மூச்சில் சுரண்டி வெறும் தகரமாக்கிவிடுவது சென்னையில் செய்யவே கூடாத ஒன்று. பெசன்ட் நகர், திருவான்மியூர்ப் பக்கம் என்றால் ராத்திரி சுரண்டியது காலையில் மஞ்சளாகப் பூத்திருக்கும். வியர்வைக் கை பட்ட இடத்தில் விரல் அடையாளத்தோடு துரு வரும். ஒரு பகுதியை எடுங்கள், சுரண்டுங்கள், அன்றைக்கே எபாக்ஸி பிரைமர் அடியுங்கள், பிறகு அடுத்ததற்குப் போங்கள். மணல் அடித்துத் துரு எடுக்கும் இடத்தில் பானட்டையும் கதவையும் கொடுத்தால் மெல்லிய தகரம் நெளிந்து திரும்பி வரும்.

பட்டியைக் கெட்ட பொருளாகப் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. தட்டிச் சமப்படுத்தியபின் இரண்டு மூன்று மில்லிமீட்டருக்குள் வைக்கும் பட்டி வருடக்கணக்கில் நிற்கும். ஒடுக்கை எடுக்காமல் குழியை நிரப்பும்போதுதான் அது விரிந்து கழன்று விழுகிறது. பட்டியைத் தண்ணீர் ஊற்றித் தேய்ப்பது இங்கே பரவலான வழக்கம். அது ஈரத்தைக் குடிக்கும், அந்த ஈரம் பெயின்டுக்குள்ளேயே சிறைப்படும். காய்ந்த தாளில் தேயுங்கள். பல பழைய வண்டிகளில் ஈயம் வைத்து நிரப்பியிருப்பதால் கிரைண்டர் போடும்முன் பார்த்துக்கொள்ளுங்கள், அந்தத் தூசி விஷம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை திறந்த இடத்தில் பெயின்டு வேலை வேண்டாம், தின்னர் ஆவியாகிக் காயும் என்.சி. பெயின்டு அந்த ஈரத்தில் பால் போல வெளுத்துவிடும். ஹார்டனர் கலந்து அடிக்கும் டூ-கே பெயின்டுக்குத் துணி மாஸ்க் போதவே போதாது. பெயின்டு அடிக்கவென்றே மூடிய பூத் உள்ள இடத்தில் கொடுத்துவிடுவது நல்லது.

பெயின்டு முடிந்ததும் சில்லுக்கும் கதவுக்கும் உள்ளே மெழுகு ஸ்ப்ரே அடித்து, கீழே இருக்கும் வடிகால் துளைகளைக் கம்பியால் குத்தித் திறந்துவிடுங்கள். பெயின்டும் பட்டியும் அவற்றை அடைத்திருக்கும். தார்ப்பாயை இறுக்கிப் போர்த்தாதீர்கள், அடியில் வியர்த்துவிடும்; காற்று போகும் துணிக் கவர் போதும்.

கடைசியாகக் காகித விஷயம். சேசிஸ் எண் பொறித்த தகட்டுக்குப் பக்கத்தில் அறுக்கவோ தேய்க்கவோ போகும்முன் ஆர்.டி.ஓ. நடைமுறையைக் கேட்டுக்கொள்ளுங்கள். எண் அழிந்தால் வண்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் ஆர்.சி. புதுப்பிப்பதில் சிக்கல்தான். 2021-ல் வந்த விண்டேஜ் பதிவு விதி 50 வருடத்துக்கு மேற்பட்ட வண்டிகளுக்கானது. சேசிஸ், பாடி, இன்ஜின் மூன்றும் பெரிய மாற்றமில்லாமல் அசல் வடிவில் இருக்க வேண்டும் என்கிறது. அப்படிப் பதிந்த வண்டியைத் தினசரி ஓட்டமுடியாது. கண்காட்சி, ராலி மாதிரியானவற்றுக்குத்தான். வாராவாரம் மெரினா வரை ஓட்டிப்போகும் ஆசை இருந்தால் சாதாரணப் பதிவையே புதுப்பித்துக்கொள்ளுங்கள். எந்தப் பக்கம் போவதென்று முதல் வெட்டு விழும்முன்பே முடிவெடுத்து, வெட்டுமுன் எடுத்த படங்களையும் தகர ரசீதுகளையும் ஒரே உறையில் போட்டு வையுங்கள்.